யானைப் பல்லைப் படித்த மனிதர்: யார் இந்த ஜார்ஜ் குவியே?

டைனோசர் அழிஞ்சு போச்சு, மாமூத் அழிஞ்சு போச்சு என்று இன்றைக்கு எல்கேஜி குழந்தைகூட சொல்லும். ஆனால் 230 வருஷங்களுக்கு முன்னால் படித்த பெரிய மனிதர்களே இதை நம்பத் தயாராக இல்லை. படைக்கப்பட்ட ஓர் உயிரினம் பூமியில் இருந்து அடியோடு இல்லாமல் போகுமா என்பது அன்று பெரிய கேள்வி.

போகும் என்று ஆதாரத்தோடு காட்டியவர் 26 வயது இளைஞர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்த முக்கிய ஆதாரம், யானையின் கடைவாய்ப்பல்.

அந்த இளைஞர்தான் ஜார்ஜ் குவியே. பாலூட்டிகளின் பற்களை ஒரு புத்தகம் மாதிரி வாசிக்க உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர். அதே பற்கள் இன்னொரு சேதியையும் சொல்லிக்கொண்டிருந்தன. அதைக் கேட்க மட்டும் அவர் கடைசிவரை மறுத்தார்.

டியூஷன் வாத்தியார் டு பாரிஸ்

1769 ஆகஸ்ட் 23 அன்று மோன்பெலியார் என்ற ஊரில் பிறந்தார் குவியே. இன்று பிரான்ஸில் இருக்கும் இந்த ஊர், அன்று ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பிரபுவுக்குச் சொந்தம். அப்பா ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. வீட்டில் வசதி கிடையாது. ஜார்ஜ் என்பதுகூட அவருக்கு வைத்த பெயர் இல்லை. இறந்துபோன அண்ணனின் பெயரைச் சொல்லி வீட்டில் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

ஸ்டுட்கார்ட்டில் உள்ள கல்விக்கழகத்தில் படித்து முடித்தார். அரசு வேலை உடனே கிடைக்கவில்லை. 1788-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் ஒரு பணக்காரக் குடும்பத்துப் பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் வாத்தியாராகப் போனார். அடுத்த வருஷமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பாரிஸில் தலைகள் உருண்டுகொண்டிருந்தபோது, இவர் கடற்கரையோரம் கிடைத்த மீன், நத்தை, கணவாய் எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் வந்து தங்கியிருந்த தெஸியே என்ற வேளாண் அறிஞரின் கண்ணில் இந்தப் படங்கள் பட்டன. அசந்துபோன அவர் பாரிஸுக்குக் கடிதம் எழுதினார். அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இளம் பேராசிரியராக இருந்த எத்தியேன் ஜெஃப்ருவா செயின்ட் இலேர், குவியேவை வரச்சொல்லி ஊக்கப்படுத்தினார். 1795-ல் குவியே பாரிஸ் வந்தார். உடற்கூறியல் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஜெஃப்ருவா அவரைவிட 3 வயது இளையவர். இருவரும் ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகக் கட்டுரை எழுதினார்கள். பின்னாளில் ஐரோப்பாவே வேடிக்கை பார்க்க மோதிக்கொள்ளப்போவதும் இந்த இருவர்தான்.

இலங்கை யானையும் ஆப்பிரிக்க யானையும்

1795-ல் பிரெஞ்சு ராணுவம் நெதர்லாந்தைப் பிடித்தது. அந்நாட்டு ஆட்சியாளரின் அரிய சேகரிப்புகளை அள்ளிக்கொண்டு பாரிஸுக்கு வந்தது. அதில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று இலங்கையில் இருந்து போனது, இன்னொன்று தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்து. இரண்டு இடங்களிலும் அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சி.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் குவியே. யானை என்றால் ஒரே இனம்தான் என்று அதுவரை பெரும்பாலானவர்கள் நினைத்திருந்தார்கள். பற்கள் வேறு கதை சொல்லின.

யானையின் தந்தத்தை நம் ஊரில் கொம்பு என்போம், ஆண் யானையைக் கொம்பன் என்போம். ஆனால் தந்தம் என்ற சொல்லுக்கே பல் என்றுதான் பொருள். அறிவியல்படியும் அதுதான் சரி. வாய்க்கு வெளியே நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல்தான் தந்தம். அது எல்லோர் கண்ணிலும் படும். குவியே பார்த்தது, வாய்க்குள் இருக்கும் கடைவாய்ப்பல்லை.

யானையின் கடைவாய்ப்பல் செங்கல் சைஸுக்குக்கூட வளரும். மேல்பரப்பில் அம்மியைக் கொத்தினது போல எனாமல் வரிகள் இருக்கும். தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் வாழ்நாள் முழுக்க மொத்தம் 6 பற்கள்தான். எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது. கன்வேயர் பெல்ட் மாதிரி பின்னால் இருந்து ஒன்று நகர்ந்து வர, முன்னால் இருப்பது தேய்ந்து உடைந்து விழும். கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் யானையால் மென்று தின்ன முடியாது.

ஆசிய யானையின் பல்லில் அந்த எனாமல் வரிகள் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடும். ஆப்பிரிக்க யானையின் பல்லிலோ அவை வைர வடிவத்தில் இருக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் இருக்கிற வித்தியாசத்தைவிட இந்த இரண்டு யானைகளுக்கும் நடுவே வித்தியாசம் அதிகம் என்று குவியே முடிவுகட்டினார். ஆப்பிரிக்க யானைக்கு இன்று வழங்கும் லோக்ஸோடோன்டா என்ற பேரினப் பெயர், சாய்வான பல் என்ற பொருளில் இந்தப் பல் வடிவத்தை வைத்தே வந்தது. அதைச் சூட்டியவர் குவியேவின் தம்பி ஃபிரெடெரிக்.

அப்படீன்னா சைபீரியா யானை எங்கே?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் மண்ணுக்கு அடியில் இருந்து யானை எலும்புகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. பனி கொட்டும் ஊரில் யானை எப்படி வந்தது? இத்தாலியில் கிடைத்தால், ஹானிபால் போருக்குக் கூட்டிவந்த யானையாக இருக்கும் என்றார்கள். சைபீரியா ஒருகாலத்தில் வெப்பமாக இருந்திருக்கும், குளிர் வந்ததும் யானைகள் தெற்கே போயிருக்கும் என்றும் ஒரு விளக்கம் இருந்தது.

குவியே மறுபடியும் பல்லைப் பார்த்தார். சைபீரியப் பல்லில் எனாமல் வரிகள் இன்னும் மெல்லியவை, இன்னும் நெருக்கமானவை. தாடையின் வடிவமும் மாறியிருந்தது. அது ஆசிய யானையும் கிடையாது, ஆப்பிரிக்க யானையும் கிடையாது. மூன்றாவது இனம். அந்த மூன்றாவது யானையை உயிரோடு பார்த்தவர் யாரும் இல்லை.

1796 ஏப்ரலில் பாரிஸ் தேசியக் கழகத்தின் பொது அமர்வில் இதை அறிவித்தார். இந்த விலங்குகள் வேறெங்கும் குடிபெயரவில்லை, செத்து ஒழிந்துவிட்டன என்பதுதான் சாரம். நமக்கு முன்னால் வேறொரு உலகம் இருந்தது, ஏதோ ஒரு பேரழிவில் அது முடிந்துபோனது என்றும் சொன்னார். இனஅழிவு என்பதை வெறும் ஊகமாக இல்லாமல், எலும்பை அளந்து நிறுவிய முதல் பெரிய முயற்சி இது.

அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றுப் பக்கம் கிடைத்த ராட்சத எலும்புகளின் புதிரையும் பல்லை வைத்தே அவிழ்த்தார். எலும்பு யானை மாதிரி, பல்லோ கூம்பு கூம்பாக முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விலங்குகளின் எலும்பு கலந்துவிட்டது என்றார்கள் சிலர். மாமிசம் தின்னும் யானை என்றும் ஒரு பேச்சு. பல் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து, இது செடிகொடி தின்றதுதான், ஆனால் தனி இனம் என்றார் குவியே. கூம்புகள் மார்பகம் போல் இருந்ததால் 1806-ல் மார்புப் பல் என்ற பொருளில் மாஸ்டோடோன் என்று பெயர் வைத்தார். அந்த விலங்கு அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் எங்கேயாவது உயிரோடு இருக்கும் என்று அந்நாட்டு அதிபர் தாமஸ் ஜெஃபர்சனே எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்த விலங்குகள் ஒளிந்திருந்தால்? அவ்வளவு பெரிய நாலுகால் பிராணி இனி புதிதாகக் கிடைக்க வாய்ப்பு குறைவு என்று 1812-ல் எழுதினார் குவியே. சில வருஷங்களிலேயே அதற்கு அடி விழுந்தது. அடி விழக் காரணம் அவருடைய ஆட்களே.

குவியேவின் மனைவி, புரட்சியில் தலை வெட்டப்பட்ட ஒருவரின் விதவை. அவருடைய முதல் மணத்து மகன் ஆல்ஃபிரட் துவோசெல், இயற்கை ஆய்வாளராக 1818-ல் கல்கத்தா வந்தார். கூட்டாளி தியாருடன் சேர்ந்து சந்திரநாகூரில் இருந்தபடி பாரிஸுக்கு ஏராளமான விலங்கு மாதிரிகளை அனுப்பினார். அந்தத் தியார் மூலமாகத்தான் மலாய் டேப்பிர் பற்றிய தகவல் பாரிஸுக்குப் போனது. கருப்பு வெள்ளை நிறத்தில், பன்றிக்குத் தும்பிக்கை வைத்தது போல இருக்கும் அந்தப் பெரிய விலங்குக்கு 1819-ல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதற்காக மாமூத் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ஆகிவிடவில்லை. குவியேவின் அடிப்படை வாதம் தாக்குப்பிடித்தது.

துவோசெல் வீடு திரும்பவில்லை. 1824-ல் மதராஸில் இறந்துபோனார். நம் நாட்டுச் சதுப்பு மானான பாரசிங்காவின் அறிவியல் பெயரில் துவோசெல் பெயர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் குவியே.

ஒரு பல்லை வெச்சு முழு உடம்பும்

குவியேவின் புகழுக்குக் காரணம் அவருடைய ஒரு விதி. உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும் என்பதுதான் அது. கத்திரி மாதிரி வெட்டும் பல் இருந்தால், தாடை மூட்டு மேலும் கீழும் மட்டும் அசைய வேண்டும். இரையைப் பிடிக்க நகம் வேண்டும், பாய்வதற்கு ஏற்ற தோள் எலும்பு வேண்டும், மாமிசம் செரிக்கும் குடல் வேண்டும். அரைக்கும் பல் என்றால், தாடை பக்கவாட்டில் அசையணும், குடல் நீளமா இருக்கணும், கால்ல குளம்பு இருந்தாலும் சரிதான்.

இது பாலூட்டிகளிடம் இவ்வளவு நன்றாக வேலை செய்யக் காரணம் இருக்கிறது. முதலைக்கோ பல்லிக்கோ பற்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், விழ விழ முளைக்கும். பாலூட்டிக்கு வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று வேலைப் பிரிவினை உண்டு. மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் சாவி போலப் பொருந்தும். அடிக்கடி பல் மாறினால் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும். அதனால்தான் பெரும்பாலான பாலூட்டிகளுக்குப் பால்பல், நிரந்தரப் பல் என்று இரண்டே செட். குட்டி முதலில் பால் குடித்தே வளர்வதால் பல் தாமதமாக முளைத்தாலும் பிரச்சினை இல்லை. எனாமல்தான் உடம்பிலேயே கெட்டியான பொருள். எலும்பு மக்கிப் போனாலும் பல் மிஞ்சும்.

1804-ல் குவியே தன் விதியைச் சாட்சிகள் முன்னால் சோதித்துக் காட்டினார். பாரிஸின் மோன்மார்த்ர் ஜிப்சம் குவாரியில் இருந்து ஒரு சின்ன விலங்கின் எலும்புக்கூடு பதிந்த கல் வந்தது. இடுப்புப் பகுதி இன்னும் கல்லுக்குள் புதைந்திருந்தது. தாடையையும் பல்லையும் பார்த்த குவியே, இது அமெரிக்காவில் வாழும் ஒபோசம் வகை, வயிற்றில் பை உள்ள பிராணி என்றார். அப்படியானால் இடுப்புக்கு முன்னால் இரண்டு தனி எலும்புகள் இருந்தாக வேண்டும். எல்லோரும் பார்க்க, கூரான ஊசியால் கல்லைச் சுரண்டினார். எலும்புகள் இரண்டும் அங்கேயே இருந்தன.

1818-ல் இங்கிலாந்து போனபோது ஆக்ஸ்ஃபோர்டில் சின்னஞ்சிறு தாடை எலும்புகளைக் காட்டினார்கள். பக்கத்து ஸ்டோன்ஸ்ஃபீல்டு கற்சுரங்கத்தில் கிடைத்தவை. பல்லில் பல மேடுகள் இருப்பதைப் பார்த்து, இது ஒபோசம் போன்ற பாலூட்டி என்றார். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பாறை அது. வயது 16 கோடி வருஷங்களுக்கும் மேல். பாலூட்டிகள் பிற்காலத்தில்தான் வந்தன என்ற அவருடைய சொந்தக் கணக்குக்கே அது உதைத்தது. அவர் சொன்னது சரிதானா என்று அவர் இறந்த பிறகும் சண்டை நடந்தது. கடைசியில் பல்தான் ஜெயித்தது.

சறுக்கிய இடங்கள்

எல்லாப் பல்லும் அவருக்கு வசப்படவில்லை. 1823-ல் சார்லஸ் லயல் ஒரு புதைபடிவப் பல்லை இங்கிலாந்தில் இருந்து பாரிஸுக்கு எடுத்துவந்து காட்டினார். அதைக் கண்டெடுத்தவர் கிடியன் மான்ட்டெல் என்ற டாக்டர். காண்டாமிருகத்தின் பல் என்று தள்ளிவிட்டார் குவியே. மறுவருஷம் மீண்டும் பார்த்து, இது செடி தின்னும் புதுவகை ஊர்வனவாக இருக்கலாம் என்று மாற்றிச் சொன்னார், முன்பு சொன்னது தப்பு என்று அச்சிலும் ஒப்புக்கொண்டார். அது இக்வானோடான் என்ற டைனோசரின் பல்.

இன்னொரு சறுக்கலை அவர் திருத்திக்கொள்ளவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்ற பெண்ணை லண்டனிலும் பாரிஸிலும் காட்சிப்பொருளாக நிறுத்திக் காசு பார்த்தார்கள். 1815 டிசம்பர் கடைசியில் அவர் பாரிஸில் இறந்தார். அவருடைய உடலை அறுத்து ஆராய்ந்த குவியே, அவரைக் குரங்குகளோடு ஒப்பிட்டு எழுதினார். எலும்புக்கூடும் உறுப்புகளும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை பார்வைக்கு இருந்தன. தென்னாப்பிரிக்கா போராடிக் கேட்டு வாங்கி, 2002-ல்தான் அவரைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்தது. மனிதர்களை உயர்வு, தாழ்வு என்று அடுக்கிய இனவாதத்துக்கு அறிவியல் முத்திரை குத்தியவர்களில் குவியேவுக்கும் பங்கு உண்டு.

நண்பன் பார்த்த கருவும், இவர் பார்க்காத கதையும்

உறுப்புகள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி இருந்தால், ஒன்றை மட்டும் மாற்றினாலும் மொத்தமும் குலையும். ஆகவே ஓர் உயிரினம் இன்னொன்றாக மாறவே முடியாது. குவியேவின் நிலைப்பாடு இதுதான். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று சொன்ன மூத்த சக ஊழியர் லாமார்க்கை அவர் விடாமல் எதிர்த்தார்.

நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புடன் போன ஜெஃப்ருவா, பதப்படுத்தப்பட்ட பறவை, விலங்கு உடல்களைக் கொண்டுவந்தார். அந்தப் பழைய அரிவாள்மூக்கன் பறவையும் இன்றைய பறவையும் ஒன்றாகவே இருப்பதைக் காட்டி, பாருங்கள், மாற்றமே இல்லை என்றார் குவியே. சில ஆயிரம் வருஷம் எல்லாம் ஒரு காலமா என்பது லாமார்க்கின் பதில்.

ஜெஃப்ருவா வேறு பக்கம் தேடினார். அவருக்கு முழுதாக வளர்ந்த பல்லைவிட, அது உருவாகும் விதத்தில் ஆர்வம் அதிகம். பலீன் திமிங்கிலத்துக்குப் பல்லே கிடையாது, கடல்நீரை வடிகட்டும் சீப்பு போன்ற தகடுகள்தான் உண்டு. ஆனால் 1807 வாக்கில், பிறக்காத திமிங்கிலக் கருவின் தாடையில் பல் முளைகள் இருப்பதைக் கண்டார். பிறகு அவை மறைந்துவிடும். ஒருநாளும் பயன்படாத பல்லை எதற்காகக் கரு உருவாக்குகிறது? எல்லா உறுப்பும் வேலைக்காகவே என்ற குவியேவின் விதியில் இதற்கு இடம் இல்லை. எல்லா விலங்குகளுக்கும் அடியில் ஒரே பொது வடிவம் ஓடுகிறது என்று ஜெஃப்ருவா வாதாடினார்.

1830-ல் அறிவியல் கழகத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். ஜெர்மனியில் 80 வயதான கவிஞர் கோதே, அந்த வருஷம் பாரிஸில் நடந்த புரட்சியைவிட இந்த விவாதத்தைப் பெரிதாக நினைத்தாராம். அன்றைக்கு அவையில் கை ஓங்கியது குவியேவுக்கே. பேரன் பட்டம், அரசு ஆலோசகர், கழகத்தின் நிரந்தரச் செயலாளர் என்று அதிகாரம் எல்லாம் அவர் பக்கம். 1829-ல் இறந்த லாமார்க்குக்கு அவர் எழுதிய இரங்கல் உரைகூட கேலி கலந்ததாக இருந்தது.

வீட்டில் அவருக்குச் சோகம் மட்டுமே மிச்சம். பிறந்த 4 குழந்தைகளும் அவருக்கு முன்பே இறந்தனர். கடைசி மகள் க்ளெமான்தீன், 1827-ல் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு 22 வயதில் போய்விட்டார். 1832 மே 13 அன்று, கை கால் முடங்கி, சில நாட்களிலேயே குவியேவும் இறந்தார். வயது 62.

அடுத்து என்ன நடந்தது?

1859-ல் சார்லஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வெளியானது. கருவிலிருக்கும் திமிங்கிலத்தின் பற்கள் அதில் பரிணாமத்துக்குச் சாட்சியாக வந்தன. குவியே சேர்த்துவைத்த எலும்புகளும் கட்சி மாறின. குவியே பலியோதீரியம் என்ற இனத்தில் சேர்த்திருந்த ஒரு விலங்கை, 1870களில் ரஷ்யாவைச் சேர்ந்த விளாதிமிர் கோவலெவ்ஸ்கி மறுபடி ஆராய்ந்தார். இலை தின்னும் குட்டைப் பல்லில் இருந்து, புல் அரைக்கும் உயரமான பல்லுக்குக் குதிரைகள் எப்படி மாறின என்பதை விளக்க அதைப் பயன்படுத்தினார். அந்த விலங்கு நேரடி மூதாதை இல்லை, குதிரைக் குடும்பத்தின் பக்கக் கிளை என்று பின்னர் தெரிந்தது. ஆனால் பற்கள் மாறியிருக்கின்றன என்பதில் சந்தேகம் மிஞ்சவில்லை.

எப்படி மாறுகின்றன என்பதற்கு இன்று ஆய்வகத்தில் பதில் கிடைக்கிறது. பல் உருவாகும்போது எனாமல் முடிச்சு என்ற சின்ன செல் கூட்டம்தான் மேடு எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருஷங்களாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். முடிச்சுகளுக்கு இடையே போகும் சமிக்ஞை கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ, மேடுகளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். அதற்காக உடம்பு முழுவதும் குலைவதில்லை. ஒன்றை மாற்றினால் எல்லாம் கெடும் என்ற குவியேவின் கணக்கு தப்பியது இந்த இடத்தில்தான்.

ஜெஃப்ருவா பார்த்த திமிங்கிலப் புதிருக்கும் விடை வந்தது. எனாமல் உருவாக்கத் தேவையான ஒரு மரபணு, பலீன் திமிங்கிலங்கள் அனைத்திலும் ஒரே இடத்தில் பழுதாகிக் கிடப்பதை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. பல்லுள்ள மூதாதையிடம் இருந்து வந்த சொத்து, உபயோகம் இல்லாமல் துருப்பிடித்துப் போன கதை.

குவியே தோற்றுப்போனாரா? ஒரு விவாதத்தில் தோற்றார், அதுவும் இறந்த பிறகு. ஓர் இனம் போனால் போனதுதான், திரும்ப வராது என்று அவர் 1796-ல் சொன்னது அப்படியே நிற்கிறது. இன்று ஆசிய யானையை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் வைத்துக் காப்பாற்றப் பேசுகிறோமே, அந்தக் கவலைக்கே அடித்தளம் அந்தக் கண்டுபிடிப்புதான். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிவியலாளர்கள், பொறியாளர்கள் பெயர்களில் குவியே பெயரும் உண்டு. மோன்மார்த்ர் கல்லில் அவர் சுரண்டி எடுத்த அந்தச் சின்ன விலங்கை, அவர் வேலை பார்த்த அருங்காட்சியகம் இன்னமும் பாதுகாத்து வருகிறது.